வழங்கியின் திறப்பு யாரிடம்?

எமது சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களிலே கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது மண்டபமே விழித்துக்கொள்ளும். முந்நூறு பிராங் எங்கே போயிற்று என்று கேட்பதற்குப் பத்துப்பேர் எழுந்து நிற்பர். ஆனால் அதே சங்கத்தின் இருபது வருடப் பதிவுகள் எந்தக் கணனியில் இருக்கின்றன, அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், அக்கணனி நாளை இல்லாமற்போனால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. 'அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறார்' என்ற ஒரு வசனத்துடன் அவ்விடயம் முடிந்துவிடுகிறது. இவ்வாரம் அந்த வசனத்தைப் பற்றியே நாம் எழுத விரும்புகிறோம்.

இங்கே சுவிற்சர்லாந்தின் நகரொன்றில் தமிழ்ப் பாடசாலை நடத்திவரும் சங்கமொன்றுக்குச் சில காலத்துக்கு முன் நேர்ந்தது இது. பெயர் வேண்டாம், எந்தச் சங்கத்துக்கும் நேரக்கூடியதே. அச்சங்கத்துக்கென மாத வாடகைக்கு எடுத்த கணனியொன்றில் விழாப் படங்கள், பரீட்சைப் புள்ளிகள், உறுப்பினர் விபரங்கள் யாவும் இருந்தன. இவற்றோடு, பாடசாலைப் பிள்ளைகள் தம் பேரன் பேத்திமாரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்த ஊர்க் கதைகளும் இருந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட குரல்கள். ஏழு வருடங்களாக ஓர் இளைஞர் ஊதியமின்றி இவற்றைப் பராமரித்து வந்தார். அவருக்கு வேறு நகரில் வேலை கிடைத்தது, திருமணம் நடந்தது, குழந்தை பிறந்தது. வாடகைக்குரிய வங்கி அட்டை காலாவதியாகியது. நினைவூட்டற் கடிதங்கள் அவர் பாவிக்காமல் விட்ட பழைய மின்னஞ்சல் முகவரிக்குச் சென்றன. மூன்றாம் மாதம் வாடகை நிறுவனம் ஒப்பந்தப்படி அக்கணனியை அழித்துவிட்டது.

செய்தி அறிந்த அன்றே அவர் இரவு இரயிலில் வந்து சேர்ந்தார். எம்மில் இருவரும் சென்றிருந்தோம். காப்புப் பிரதி எடுக்கவில்லையா என்று கேட்டபோது, ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்குத் தவறாமல் எடுக்கப்பட்டது என்றார். எங்கே என்றோம். அதே கணனியின் வேறோர் அடைவில் என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கே அது விளங்கியது, தலையைக் குனிந்துகொண்டார். வீட்டின் மாற்றுத் திறப்பை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வந்தது போன்ற காரியம் அது. பேசியவர்களில் சிலர் இன்று உயிரோடில்லை.

அவ்விளைஞரைக் குறைகூற நாம் ஆயத்தமாக இல்லை. ஏழு வருடமாக ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, ஒரு தடவையேனும் அவருக்கருகில் இன்னொருவரை அமர்த்தாத சங்கத்தின் பிழை அது. அவ்வாறு அமர்ந்திருக்கக்கூடியவர்கள் எம் பிள்ளைகளுள் எத்தனைபேர் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். எனவே இத்தொழில் என்னவென்பதைப் பெற்றோர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

பிள்ளைகள் 'சேர்வர்' என்று சொல்வதை நாம் தமிழில் வழங்கி என்கிறோம். திரையும் விசைப்பலகையும் இன்றி எங்கோ ஒரு மண்டபத்தில் இரவு பகலாக இயங்கிக்கொண்டு, கேட்பவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருக்கும் கணனி அது. நீங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், கனடாவிலுள்ள சகோதரிக்குப் படம் அனுப்புவதும், இரயில் நேரம் தேடுவதும் ஏதோவொரு வழங்கியின் தயவில்தான். இவ்வழங்கிகளிற் பெரும்பான்மையானவை லினக்ஸ் என்னும் இயக்க முறைமையில் ஓடுகின்றன. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991 ஆகஸ்ட் 25 ஆம் திகதி, பொழுதுபோக்காகத் தாம் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்ததே அதன் தொடக்கம். 2017 நவம்பர் முதல், உலகின் அதிவேகக் கணனிகள் 500 இன் பட்டியலிலுள்ள அத்தனையும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. எம்மிற் பலரின் சட்டைப்பையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் உட்கருவும் அதுவே.

அதனை யாரும் யாரிடமும் பணங்கொடுத்து வாங்கத் தேவையில்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அனுமதிப்பத்திரத்தின் எழுத்து மாறுமா மாறாதா என்று வருடக்கணக்காகக் காத்திருந்த எமக்கு, அனுமதி கேட்காமல் நுழையக்கூடிய பட்டறையொன்று உலகில் இருக்கிறது என்பதே ஒரு செய்திதான். உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தூசு படிந்து கிடக்கும் பழைய மடிக்கணனி போதும். அதில் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை ஒரு மாலைப்பொழுதில் நிறுவிவிடலாம். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவலாம். அவ்வாறு நாலைந்து தடவை கெடுத்துப் பார்க்காத எவரும் இத்தொழிலைக் கற்றதாக நாம் அறியோம்.

முதலிற் பழகவேண்டியது கட்டளை வரி. சுட்டியை அழுத்திப் படங்களைத் திறப்பதற்குப் பதிலாக, எழுத்திலே கட்டளையிட்டு எழுத்திலே பதில் பெறும் முறை அது. பார்ப்பதற்கு 1970 களின் பழைய கணனி போலத் தோன்றும். உண்மையில் அந்த மரபிலிருந்து வந்ததுதான். ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வழங்கியை ஒரு சிறு கைத்தொலைபேசியிலிருந்துகூட ஆளக்கூடியதாக இருப்பதற்கு இந்த எழுத்து முறையே காரணம். ஒவ்வொரு கட்டளைக்கும் 'மான்' என்று தொடங்கிக் கேட்டால் அதன் கையேட்டுப் பக்கம் திரையில் வரும். கையேட்டை வாசிப்பவர், வாசிக்காதவர் என்ற ஒரே பிரிவுதான் இத்தொழிலில் உண்டென்று அனுபவசாலிகள் சொல்வார்கள். கையேடுகள் ஆங்கிலத்தில் இருப்பது எம்மவர்களிற் பலருக்குத் தடையாகத் தோன்றும். தமிழ்நாட்டிலிருந்து 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழின் வழியாக, எளிய தமிழில் லினக்ஸ் பற்றி து. நித்யா எழுதிய நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தொடங்குவதற்கு அவை நல்ல துணை.

அடுத்தது உரிமைகள். இதை உணவகச் சமையலறையில் வேலைசெய்த எந்தத் தந்தைக்கும் இலகுவில் விளங்கப்படுத்தலாம். ஓர் உணவகத்தில் எல்லாரும் எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. சமையற்காரர் குளிரறைக்குள் போகலாம், காசுப்பெட்டியைத் தொடமுடியாது. பரிமாறுபவர் காசுப்பெட்டியைத் திறக்கலாம், கணக்குப் புத்தகத்தைத் திருத்தமுடியாது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், அவருடைய குழுவினர், ஏனையோர் என மூன்று வகையினர். ஒவ்வொரு வகையினருக்கும் வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண்கள். 640 என்றால் உரியவர் வாசித்து எழுதலாம், குழுவினர் வாசிக்க மட்டும் செய்யலாம், ஏனையோருக்கு ஒன்றுமில்லை. இரவு பதினொரு மணிக்கு இணையத்தளம் திறக்கவில்லையென்றால் களைத்துப்போன எவருக்கும் 777 என்று போட்டுவிட்டுப் படுக்கத்தான் மனம் வரும். எல்லாக் கதவையும் எல்லாருக்கும் திறந்துவிட்டேன் என்பது அதன் பொருள். தளம் உடனே வேலைசெய்யும். அதுதான் அதிலுள்ள ஆபத்து.

இவை எல்லாவற்றுக்கும் மேலே 'ரூட்' என்றொரு கணக்கு உண்டு. முதலாளியின் திறப்புக் கோர்வை என்று சொல்லலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நடமாடுவது நல்ல பழக்கமன்று. 'சூடோ' என்ற கட்டளை அத்திறப்பை ஒரு வேலைக்கு மட்டும் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறது. யார் எப்போது வாங்கினார் என்பதையும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. சங்கங்களிற் பதவி வகிப்பவர்களுக்கும் இப்படியொரு கட்டளை இருந்தால் நல்லதென்று எம் நண்பரொருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

தூரத்திலிருந்து வழங்கிக்குள் நுழைவதற்கான வாசல் எஸ்.எஸ்.எச். எனப்படும். ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் எவரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதன் பின்னர், அங்கிருந்த ஆய்வாளர் தத்து இலோனென் 1995 இல் இதனை எழுதினார். இன்று வழங்கியொன்றை இணையத்துடன் இணைத்த சில நிமிடங்களுக்குள்ளேயே முன்பின் அறியாதவர்கள் இவ்வாசலைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு எம்மீது தனிப்பட்ட கோபம் எதுவுமில்லை. இயந்திரங்களை வைத்து உலகத்திலுள்ள எல்லா வாசல்களையும் தட்டிக்கொண்டே போகிறார்கள். பதிவேட்டைத் திறந்து முதன்முதலாக இதைக் காணும் பிள்ளை திடுக்கிட்டுப்போவான். ஆகவேதான் கடவுச்சொல்லைக் கைவிட்டுத் திறப்புச் சோடியைப் பாவிக்கச் சொல்கிறார்கள். சோடியில் ஒன்று பூட்டுப் போன்றது. அதை எத்தனை வழங்கிகளிலும் தொங்கவிடலாம், யார் பார்த்தாலும் பாதகமில்லை. மற்றையது உங்கள் கணனியை விட்டு ஒருபோதும் வெளியேறாத திறப்பு.

இவற்றையெல்லாம் ஆறு மாதத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கற்றுவிடுவான். கற்பதற்குக் காலம் எடுப்பது வேறொன்று. பழுது ஏற்படும்போது ஊகித்துக் கைவைக்காமல், பதிவேட்டை வாசித்து, எது எப்போது மாறியது என்று பொறுமையோடு தேடும் குணம் அது. இங்கே தொழிற்பயிற்சி பெறும் எம் மாணவியொருவர் எமக்குச் சொன்னதை எழுதுகிறோம். வழங்கியொன்றின் வட்டு நிறைந்து எல்லாம் நின்றுவிட்டது. பெரிய பதிவேட்டுக் கோப்பொன்றைக் கண்டுபிடித்து அழித்தார். வட்டோ இன்னும் நிறைந்தே இருக்கிறதென்று கணனி அடித்துச் சொல்லிற்று. இருந்த கோப்புகளைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. இரண்டு மணித்தியாலம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் காரணம் தெரிந்தது. அக்கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருந்த நிரல் அதை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. பெயர் அழிந்ததேயன்றி இடம் விடுபடவில்லை. அந்நிரலை நிறுத்தித் தொடங்கியவுடன் இடம் வந்துவிட்டது. அவருடைய பயிற்சியாளர் இதை முதலிலேயே அறிந்திருந்தும் வாய்திறவாமல் அருகில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். நல்ல ஆசிரியர் என்றே நாம் எண்ணுகிறோம்.

தொழிற்பயிற்சி என்றவுடன் எமது வீடுகளில் முகங்கள் வாடுவதை நாம் அறிவோம். கிம்னாசியம் போகாத பிள்ளை தோற்றுவிட்ட பிள்ளை என்று ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டுப் பார்க்கிறோம். இந்நாட்டுப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்பயிற்சி வழியே செல்கின்றனர். கணனித் துறையில் அப்பயிற்சி நான்கு வருடங்கள். வழங்கிகளையும் வலையமைப்பையும் முதன்மையாகக் கற்பிக்கும் பிரிவும் அதில் உண்டு. தொழில் மத்தூரா எடுத்தவர்களுக்கு உயர்தொழிற் கல்லூரிக்கான கதவு பின்னர் திறந்தேயிருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு கற்பதை இழுக்கென்று நினைப்பவர்கள், பட்டம் பெற்றும் வேலை தேடித் திரியும் பிள்ளைகளையும் ஒருதரம் பார்க்கட்டும்.

வயது வந்தவர்களின் நிலை வேறு. இருபது வருடம் உணவகத்தில் நின்று முழங்கால் தேய்ந்தவர், இனி ஒரு மேசையில் இருந்து செய்யும் வேலை கிடைக்குமா என்று எம்மிடம் கேட்பதுண்டு. இதைப் படித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லி அவருக்கு ஆசைகாட்ட நாம் தயாரில்லை. வேலைத்தலத்தில் பேசுவதற்கு ஜேர்மன் அல்லது பிரெஞ்சு வேண்டும், கையேடுகளுக்கு ஆங்கிலம் வேண்டும், வயதைப் பார்க்கும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். முறைப்படி இரவு நேர அழைப்புக்கு விழித்திருக்க வேண்டிய வேலையும் இது. ஆனால் சான்றிதழ் விடயத்தில் ஒரு நியாயம் இங்கே உண்டு. ரெட் ஹற் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகிக்குரிய பரீட்சையில் சரியான விடைக்குக் கோடிடும் வினாக்கள் இல்லை. பரீட்சார்த்தியின் முன் ஓடும் கணனியொன்றை வைத்து, இதைச் செய் என்கிறார்கள். கணனியை நிறுத்தித் தொடங்கிய பின்னும் செய்தது நிலைத்திருந்தாற்றான் புள்ளி. எந்த நாட்டில் எந்தப் பாடசாலையில் படித்தாய் என்று அக்கணனி கேட்பதில்லை. ஊரிற் பெற்ற சான்றிதழ்களை மொழிபெயர்த்து முத்திரை குத்தி நீட்டியும் பயன் காணாத எமக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது எல்லாமே முகிலில் இருக்கின்றனவே, இனி இத்தொழில் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. முகில் என்பது வேறொருவரின் வழங்கி. 2021 மார்ச் 10 ஆம் திகதி, பாசலிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச்.கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி வழங்கி மண்டபம் ஒன்று முற்றாக எரிந்தது. தமது பிரதிகளும் அதே வளாகத்திலேயே இருந்ததை அன்றுதான் அறிந்துகொண்ட வாடிக்கையாளர்கள் பலர். முகிலுக்கும் ஒரு முகவரி உண்டு. அதில் தீயும் பிடிக்கும்.

பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. நிரலாளர்களின் மூலநிரல்களைச் சேமித்துக் கொடுக்கும் கிற்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 ஆம் திகதி இரவு, களைத்திருந்த ஊழியரொருவர் மாற்று வழங்கி என்று நினைத்து முதன்மை வழங்கியின் தரவை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைற் போய்விட்டது. காப்புக்கென ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட அன்று ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலைசெய்யவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறேதோ சோதனைக்காக எடுத்து வைத்திருந்த பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகறிய எழுதியது. எமது சங்கங்களில் இப்படியொரு தவறு நடந்தால் என்ன எழுதுவோம், யாரைப்பற்றி எழுதுவோம் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறோம்.

பிரதி எடுப்பதற்கு நல்ல கருவிகள் பல உண்டு. 'ஆர்சிங்க்' என்பது அவற்றுள் பழையது. அன்ட்ரூ ட்ரிஜெல், போல் மக்கரஸ் என்னும் அவுஸ்திரேலியர் இருவர் 1996 இல் வெளியிட்டது. மாறிய பகுதியை மட்டும் கண்டு அனுப்புவதால் மெதுவான இணைப்பிலும் வேலைசெய்யும். 'கிறோன்' என்னும் நேரக்காப்பாளனிடம் சொல்லிவைத்தால் ஒவ்வோர் இரவும் அதை இயக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புகள், அவற்றில் ஒன்றாவது வேறோர் ஊரில் என்பது இத்தொழிலின் பால பாடம். இது எமக்குப் புதியதன்று. பிறப்புச் சான்றிதழை ஒன்று தாயின் சேலை மடிப்பிலும், ஒன்று கொழும்பிலுள்ள உறவினரிடமும், ஒன்று பயணப் பைக்குள்ளுமாக வைத்துப் புறப்பட்டவர்கள் நாம். ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்னவாகும் என்பதை 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது எமது தலைமுறை கண்டிருக்கிறது. அங்கே மறுபிரதியற்ற ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. அதன் வலியை அறிந்தவர்களே 2005 இல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதி செய்து வருகிறார்கள். அன்று நூலகத்தை எரித்தவர்கள் இருந்தார்கள். இன்று எம் பிள்ளைகள் பதிந்த குரல்களை எவரும் எரிக்கவில்லை. ஒரு வங்கி அட்டை காலாவதியாகியது, அவ்வளவே. இதை எழுதும்போது எமக்கு ஏற்படும் வெட்கத்தை வாசகர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

எடுத்த பிரதியை மீட்டுப் பாராதவரை அது பிரதியன்று. இதனை நாம் அழுத்திச் சொல்கிறோம். மூன்று மாதத்துக்கொருமுறை வெறும் கணனியொன்றில் அப்பிரதியை விரித்து, படம் திறக்கிறதா, ஒலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழிற் பெயரிட்ட கோப்புகள் மறுபக்கத்தில் கேள்விக்குறிகளாக வந்து சேர்ந்த கதைகளும் எமக்குத் தெரியும்.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் கட்டளைகளை எழுதியே தந்துவிடுகின்றன. பிள்ளைகள் அவற்றைப் பாவிக்கட்டும், எமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ரூட் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, விளங்காத ஒரு வரியை ஒட்டி இயக்குவது, வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு ஒப்பானது. அதன் விளைவை எம்மவர் பலர் விசாரணை அலுவலகங்களில் அனுபவித்திருக்கிறார்கள்.

மீண்டும் தம்பியிடம் வருவோம். 2024 மார்ச் மாத இறுதியில் அன்ட்ரேஸ் பிரொயிண்ட் என்னும் பொறியியலாளர், எஸ்.எஸ்.எச். வாசல் திறப்பதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். வேறெவரும் பொருட்படுத்தாத அரை விநாடி. அதைத் துருவிச் சென்றபோது, லினக்ஸ் வழங்கிகள் பலவற்றில் இடம்பெறும் 'எக்ஸ்.இசற்' என்ற சிறு சுருக்கக் கருவிக்குள் எவரோ இரகசியக் கதவொன்றை வைத்திருந்தமை தெரியவந்தது. அக்கருவியை வருடக்கணக்காக ஊதியமின்றிப் பராமரித்தவர் ஒரே ஒருவர், களைத்துப்போயிருந்தார். உதவுகிறேன் என்று வந்து, இரண்டு வருடத்துக்கு மேலாக நல்லபிள்ளையாக வேலைசெய்து நம்பிக்கையைப் பெற்றவரே இதைச் செய்தார். உலகம் முழுவதும் ஒரு தம்பியின் தோளில் சாய்ந்திருந்து, அவர் களைத்திருப்பதைக் காணாமல் விட்டிருக்கிறது. எமது சங்கங்கள் மட்டும் இதற்கு விலக்காக இருந்திருந்தால் அதுதான் அதிசயம்.

ஆகவே ஒவ்வொரு சங்கத்திடமும் நாம் கேட்பது பெரிதல்ல. வழங்கியைப் பார்க்க இருவர் வேண்டும். ஒருவர் இளையவராகவும் அவர்களில் ஒருவராவது பெண்பிள்ளையாகவும் இருந்தால் நல்லது. வாடகைப் பற்றுச்சீட்டு தனிநபரின் பெயருக்கன்றிச் சங்கத்தின் பெயருக்கும் முகவரிக்கும் வரட்டும். பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கைக்குப் பின் ஐந்து நிமிடம் வழங்கியறிக்கைக்கு ஒதுக்குங்கள். முந்நூறு பிராங் கேட்டு எழும்புபவர், கடைசியாகப் பிரதியை மீட்டுப் பார்த்தது எப்போது என்றும் கேட்கட்டும்.

முன்சொன்ன சங்கத்தில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. அந்த இளைஞரே மாதமொருமுறை வந்து, இரண்டு மாணவிகளையும் ஒரு மாணவனையும் அருகில் அமர்த்தி எழுதுவித்தது. முதற் பக்கத்தில் வழங்கி எந்த ஊரில் உள்ளது, வாடகை எந்தத் திகதியில் கட்ட வேண்டும், பிரதிகள் எந்த இரு வீடுகளில் உள்ளன, மூடிய உறையில் வைத்த கடவுச்சொல் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பன எழுதப்பட்டுள்ளன. கடைசி வரியில் மீட்டுப் பார்த்த திகதி. அதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட குரல்களுள் மூன்று, தாயொருவரின் பழைய தொலைபேசியிற் கிடைத்தன. சென்ற மாதம் மீட்டுப் பார்த்தபோது நாமும் அங்கிருந்தோம். மாணவி கட்டளையை எழுதிவிட்டு, அழுத்துமுன் ஒருதரம் வாசித்துப் பார்த்தாள். சற்று நேரத்தில் பெரியவரொருவர், விடியற்காலை துலா மிதித்துப் புகையிலைக்கு நீரிறைத்ததைச் சொல்லத் தொடங்கினார்.